வருமுன் வகுத்த இடம்: நினைவகக் கணுச் சேர்ப்பும் வன்னியின் கணினிக் கல்வியும்

கணினியின் நினைவகம் நிலையானதோர் அளவு. இயந்திரம் தொடங்கும் கணத்தில் ஒருமுறை எண்ணப்பட்டுவிட்டால், இயந்திரம் நிற்கும்வரை அவ்வெண்ணிக்கை மாறாது. பணிசெயல் முறைமை பற்றிய வழமையான பாடங்களின் அடியில் இக்கருத்துச் சொல்லப்படாத எடுகோளாகக் கிடக்கின்றது. பக்கமிடல், மெய்நிகர் நினைவகம், இடமாற்றம் ஆகிய யாவும் இதன்மீதே விளக்கப்படுகின்றன. கரும்பலகையில் ஒரு நீள்சதுரம் வரையப்படும். அதற்கு நினைவகம் எனப் பெயரிடப்படும். அது சம கட்டங்களாகப் பிரிக்கப்படும். பாடம் முடியும்வரை அந்நீள்சதுரம் வளர்வதுமில்லை, தேய்வதுமில்லை. இவ்வெடுகோள் இன்று பொய்யாகிவிட்டது. பொய்யான எடுகோளின்மேல் எழுப்பப்படும் கல்வி பரீட்சைக்கு உதவலாம். இயந்திரத்தை விளங்கிக்கொள்ள உதவாது.

இப்பொய்யின் விலையை ஏனையோரிலும் கூடுதலாகச் செலுத்துவோர், தொழில் மையங்களுக்குத் தொலைவிலுள்ள கல்விக்கூடங்களின் மாணவரே. வன்னிப் பெருநிலப்பரப்பில் அத்தகைய கல்விக்கூடங்கள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 ஆம் நாள் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம். மற்றையது, கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம். பெருந் தரவு நிலையங்களுக்கு அருகில் வாழும் நகரத்து மாணவன் பாடநூலின் பிழையைத் தொழிலிடத்தில் கண்டு திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் கற்கும் மாணவனுக்கு அந்த வாய்ப்பு அருகில் இல்லை. அவனிடம் பாடநூலைத் திருத்தவல்ல சாட்சி ஒன்றுதான் உண்டு. அது பணிசெயல் முறைமையின் மூலநிரல். அச்சாட்சியை விசாரியாமல் விட்டுவிடுவது, ஏழை தன் கையிலுள்ள ஒரே பொற்காசை மண்ணிற் புதைப்பது போன்றதாகும்.

'கேர்னல்' எனப்படும் முறைமைக் கருவைப் பற்றிய ஆராய்ச்சி பெருநிறுவனப் பொறியியலாளர்க்கு உரியது என்றும், வன்னி மாணவன் வலைத்தளமும் கைப்பேசிச் செயலிகளும் ஆக்கக் கற்றுக்கொண்டாலே வேலை கிடைத்துவிடும் என்றும் கூறுவாருளர். இக்கூற்று நல்லெண்ணத்திற் பிறந்ததாயினும் தீய விளைவுடையது. கருவைப் பயன்படுத்துவோர் ஒரு சாரார், கருவை ஆக்குவோர் மற்றொரு சாரார் என்ற பிரிவினையை அது இயற்கை நியதியாக்கிவிடுகின்றது. அப்பிரிவினையின் எந்தப் பக்கத்தில் வன்னி நிற்கவேண்டும் என்பதையும் கேளாமலே தீர்ப்பளித்துவிடுகின்றது. இத்தீர்ப்பு எத்துணைப் பிழையானது என்பதைக் கருவின் ஒரு சிறு மூலையை எடுத்துக்கொண்டு காட்டலாம். இயங்கிக்கொண்டிருக்கும் கணினிக்குப் புதிய நினைவகம் வந்து சேரும்போது, அந்நினைவகம் சார்ந்த கணுவுக்கு உரிய பதிவுகளைக் கரு எவ்வாறு, எப்பொழுது தொடக்கிவைக்கின்றது என்பதே அம்மூலை.

ஓடும் இயந்திரத்திற்கு நினைவகம் சேர்க்கவேண்டிய தேவை இருவகையில் எழுந்தது. முதலாவது, நிறுத்தவியலாத இயந்திரங்களின் தேவை. வங்கிக் கணக்குகளைத் தாங்கும் பெருங்கணினியை நினைவகம் போதவில்லை என்பதற்காக அணைத்துவைக்க இயலாது. ஆதலால் இயங்கும்போதே நினைவகப் பலகையைச் செருகக்கூடிய வன்பொருள்கள் ஆக்கப்பட்டன. இரண்டாவது, பிற்காலத்தில் பெருகிய மெய்நிகர் இயந்திரங்களின் தேவை. ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பகுத்து வாடகைக்கு விடும் இக்காலத்தில், ஓர் இயந்திரத்தின் தேவை காலையிற் பெருகி மாலையிற் சுருங்கும். அதற்கேற்ப நினைவகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டியுள்ளது. 2020 இல் வெளியான லினக்ஸ் 5.8 ஆம் பதிப்பில் 'வேர்ட்டியோ-மெம்' என்னும் பொறிமுறை சேர்க்கப்பட்டதும் இதன்பொருட்டே. 2019 இல் முதல் விவரக்கூற்று வெளியான 'சி.எக்ஸ்.எல்.' என்னும் இணைப்புமுறையோ இன்னும் ஒருபடி மேற்சென்று, நினைவகத்தை முறைவழியாக்கியிலிருந்து பிரித்து, வேறொரு கருவியில் வைத்து, வேண்டியபோது இணைக்க வழிசெய்தது. கரும்பலகையின் நீள்சதுரம் உண்மையில் வளரவும் தேயவும் தொடங்கிவிட்டது.

இனி, கணு என்பது யாது? பல முறைவழியாக்கிகளைக் கொண்ட பெரிய இயந்திரங்களில், ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் அருகில் அதற்கெனச் சிறிது நினைவகம் இணைக்கப்பட்டிருக்கும். அருகிலுள்ள நினைவகத்தை விரைவாகவும் தொலைவிலுள்ளதைத் தாமதமாகவுமே அது அணுகும். 'நியூமா' என வழங்கும் இவ்வமைப்பில், ஒருங்கே அமைந்த முறைவழியாக்கிகளும் நினைவகமும் சேர்ந்த தொகுதி கணு எனப்படும். நினைவகம் இல்லாத கணுக்களும் உண்டு. முறைவழியாக்கி இல்லாத கணுக்களும் உண்டு. இயந்திரம் தொடங்கும்போது அதன் நிலைபொருள் ஓர் அட்டவணையைக் கருவிடம் கையளிக்கும். எக்கணுக்கள் இப்போது உள்ளன என்பது மட்டுமன்றி, எவை பின்னர் வரக்கூடும் என்பதும் அவ்வட்டவணையாற் புலப்படும். 'உள்ளவை', 'வரக்கூடியவை' என்ற இவ்விரு வகைப்பாடே இங்கு ஆராயப்படும் சிக்கலின் வேர்.

வன்னி மாணவனுக்கு இதனை விளக்க வெளிநாட்டு உவமை தேடவேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்யும் முறையை அவன் அறிவான். குளத்தில் நீர் உண்டு என்பதனால் மட்டும் வயலுக்கு நீர் வருவதில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, அவ்வாண்டு எத்தனை ஏக்கருக்கு நீர் போதும், எந்த வாய்க்காலின் கீழ் எவருக்கு எவ்வளவு பங்கு, நீர் எந்நாளில் திறக்கப்படும் என்பவற்றை முடிவுசெய்து பதிந்த பின்னரே துலுசு திறக்கப்படும். பதிவு முந்தியது, நீர் பிந்தியது. பதிவேட்டில் பக்கமில்லாத வாய்க்காலுக்கு நீர் முறை குறித்தால், அன்று எழும் குழப்பத்தை விவரிக்க வேண்டியதில்லை. கணினியின் நினைவகமும் இவ்வாறே. சில்லுகள் செருகப்பட்டுவிட்டன என்பதனால் மட்டும் நினைவகம் கருவின் ஆட்சிக்குள் வந்துவிடுவதில்லை. கருவின் பதிவேடுகளில் அதற்கு இடம் வேண்டும்.

அப்பதிவேடுகள் எத்தகையன என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். கரு நினைவகத்தை 4096 பைற்றுக்கள் கொண்ட சட்டகங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு விவரணக் குறிப்பை வைத்திருக்கின்றது. இன்று பெருவழக்கிலுள்ள 64 துணுக்கு இயந்திரங்களில் இக்குறிப்பு வழமையாக 64 பைற்று நீளமுடையது. ஒரு கிகாபைற்று நினைவகம் சேர்க்கப்படின் 262,144 சட்டகங்கள் சேர்கின்றன. அவற்றின் குறிப்புகளுக்கு மட்டும் 16 மெகாபைற்று வேண்டும். 64 கிகாபைற்றுச் சேர்க்கப்படின் குறிப்புகளுக்கே ஒரு கிகாபைற்று வேண்டும். நினைவகம் இல்லை என்று நினைவகம் சேர்க்கும் வேளையில், அதனைப் பதிவதற்கே முதலில் நினைவகம் வேண்டியிருக்கின்றது. இம்முரண்பாட்டைத் தணிப்பதற்கென, புதிய நினைவகத்தின் குறிப்புகளை அந்நினைவகத்தின் ஒரு பகுதியிலேயே எழுதிவைக்கும் வசதி 2021 இல் லினக்ஸ் 5.13 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

சட்டகக் குறிப்புகளுக்கு மேலாக, ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு தலைமைப் பதிவேடு உண்டு. அக்கணுவின் வலயங்கள், அவற்றின் எல்லைகள், வெற்றுச் சட்டகங்களின் கணக்கு, நினைவகம் குறையும்போது விழித்தெழுந்து பழைய பக்கங்களை மீட்கும் பணியாளனைப் பற்றிய விவரம் ஆகியன அதில் அடங்கும். இவற்றினும் முக்கியமானதொன்றும் அதிலே உண்டு. அது வலயப் பட்டியல். 'இக்கணுவில் நினைவகம் கேட்டு, இங்கே கிடைக்காவிடின், அடுத்து எக்கணுவிற் கேட்க வேண்டும். அங்கும் இல்லையேல் அதற்கடுத்து எங்கே' என்ற ஒழுங்கு அப்பட்டியலிலேயே எழுதப்பட்டுள்ளது.

நினைவகச் சேர்ப்பு இரு படிகளில் நிகழும். முதற்படியில், புதிய நினைவகம் 128 மெகாபைற்று அளவுள்ள பிரிவுகளாகப் பதியப்பட்டு, சட்டகக் குறிப்புகள் ஆக்கப்பட்டு, முறைமையின் கோப்பு மரத்தில் அதற்கெனப் பெயர்கள் தோன்றும். அப்போது நினைவகம் அறியப்பட்டது. ஆயினும் எவர்க்கும் வழங்கப்படாதது. இரண்டாம் படியில், அது 'இணைப்புநிலை'க்கு மாற்றப்பட்டு, சட்டகங்கள் ஒதுக்கியின் கையிருப்பிற் சேர்க்கப்பட்டு, எல்லாக் கணுக்களின் வலயப் பட்டியல்களும் புதுக்கப்படும். பின்னர் கழற்ற வேண்டிய நினைவகமாயின், நகர்த்தக்கூடிய பக்கங்களை மட்டும் ஏற்கும் தனி வலயத்தில் அது வைக்கப்படும். ஏனெனில் கருவின் சொந்தப் பதிவுகள் பல இடம்பெயர்க்கவியலாதவை. இரண்டு படிகளாக இது பிரிக்கப்பட்டமை அறிவுடைய ஏற்பாடே. அறிதலும் வழங்கலும் வேறு வேறு என்பதை அது ஒப்புக்கொள்கின்றது.

ஆயின் கணுவே புதிதாயின் என்ன செய்வது? லினக்ஸ் கருவில் நினைவகச் சேர்ப்பு 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இடம்பெறத் தொடங்கியது. ஐ.பி.எம்., புஜிட்சு ஆகிய நிறுவனங்களின் பொறியியலாளர் அதில் முன்னின்றனர். அன்று வகுக்கப்பட்ட வழி பின்வருமாறு: கணு வரக்கூடும் என்று அட்டவணை கூறினும், அது வரும்வரை அதற்குப் பதிவேடு ஆக்குவதில்லை. நினைவகம் வந்த பின்னரே தலைமைப் பதிவேட்டை ஆக்கலாம். அதுவரை அப்பதிவேட்டின் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெற்றுச் சுட்டி இருக்கட்டும். சிக்கனமான வழிதான். இல்லாததற்கு ஏன் இடம் என்ற கேள்வி பார்வைக்கு நியாயமானதுதான்.

அந்நியாயம் பொய்த்த இடம் எது? 2021 ஆம் ஆண்டின் இறுதியில், விஎம்வெயார் மெய்நிகர் இயந்திரங்களில் முறைவழியாக்கியை இயங்குநிலையிற் சேர்த்தபோது கரு நிலைகுலைந்தமை வெளிப்பட்டது. முறைவழியாக்கி வந்துவிட்டது; அது சார்ந்த கணுவில் நினைவகம் இல்லை. புதிய முறைவழியாக்கிக்குச் சிறிது நினைவகம் தேவைப்பட்டபோது, கரு இயல்பாகவே 'இதன் சொந்தக் கணுவில் ஒதுக்குக' என்று கேட்டது. ஒதுக்கியோ அக்கணுவின் பதிவேட்டைத் திறக்கச் சென்று, வெற்றுச் சுட்டியில் இடறி வீழ்ந்தது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்த இயந்திரத்தில் நினைவகத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஏனைய கணுக்களில் நினைவகம் இருந்தது. 'இங்கில்லையேல் அங்கே கேள்' என்று சொல்லும் பட்டியல், ஆக்கப்படாத அந்தப் பதிவேட்டுக்குள்ளேயே இருக்கவேண்டியதாயிற்று. வழிகாட்டிப் பலகையை, இன்னும் போடப்படாத சந்தியில் நட்டுவைக்கத் தீர்மானித்தது போன்ற நிலை அது.

பரிகாரங்கள் பல முன்வைக்கப்பட்டன. ஒதுக்கீட்டுக் கோரிக்கை வரும் ஒவ்வொரு வேளையும் 'இக்கணு உளதா' என்று சோதிக்கலாம் என்பது ஒன்று. கருவின் பாதைகளுள் மிகக் கூடுதலாக நடக்கப்படுவது நினைவக ஒதுக்கீட்டுப் பாதை. எப்போதோ ஒருமுறை நேரும் பிழைக்காக அங்கே ஒவ்வொரு முறையும் சோதனை வைப்பது, ஒரு திருடனுக்காக ஊரார் அனைவரையும் நாள்தோறும் நிறுத்திச் சோதிப்பதற்கு ஒப்பாகும். அன்றியும், பதிவேட்டை வேறு வழிகளில் அணுகும் ஏனைய பகுதிகளை அச்சோதனை காக்காது. கோருவோர் ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலே கவனமாயிருக்கட்டும் என்பது மற்றொன்று. இது பொறுப்பை எல்லார் தலையிலும் பகிர்ந்து, ஈற்றில் எவர் தலையிலும் இல்லாமலாக்கும் வழி.

ஏற்கப்பட்ட பரிகாரம் வேறு. சூசே நிறுவனத்தைச் சேர்ந்த மிக்கல் ஹொக்கோ முன்வைத்து, 2022 மே மாதத்தில் வெளியான லினக்ஸ் 5.18 ஆம் பதிப்பில் இடம்பெற்ற அம்மாற்றத்தின் சாரம் இதுதான்: வரக்கூடியது என்று அட்டவணை கூறும் ஒவ்வொரு கணுவுக்கும், இயந்திரம் தொடங்கும்போதே தலைமைப் பதிவேட்டை ஒதுக்கிவிடுக. இன்னும் வராத கணுவை நினைவகமற்ற கணுவாகக் கருதுக. அதன் வலயப் பட்டியல் ஏனைய கணுக்களைச் சுட்டிக்காட்டட்டும். அதனை 'உள்ளது' என்று வெளியே அறிவிக்க வேண்டாம். அவ்வாறு அறிவித்தால் வெளியிலுள்ள கருவிகள் சில மயங்கக்கூடும். நினைவகம் உண்மையில் வரும் நாளில் எஞ்சிய தொடக்க வேலைகள் நடைபெறட்டும். இதற்கேற்பக் கருவின் செயற்கூறு ஒன்றின் பெயரும் மாறியது. அதுவரை 'புதிய கணுப் பதிவேட்டைச் சேர்' என்ற பொருளில் வழங்கிய பெயர், 'கணுப் பதிவேட்டைத் தொடக்கிவை' என்ற பொருள்படத் திருத்தப்பட்டது. ஆக்கல் முன்பே முடிந்துவிட்டது. இனித் தொடக்கிவைத்தலே எஞ்சியுள்ளது என்பதை அப்பெயர் மாற்றமே கூறிவிடுகின்றது.

இதனை எதிர்ப்போர் வாதம் வலுவற்றதன்று. வராமலே போகக்கூடிய கணுவுக்கு நினைவகம் செலவிடுவது வீண் என்பர். அட்டவணைகளை எழுதும் நிலைபொருள் நம்பத்தக்கதன்று என்றும், வரவே வாய்ப்பில்லாத கணுக்களையும் வரக்கூடியவை என்று அது கூறிவிடலாம் என்றும் சுட்டுவர். பல கணுக்களை இவ்வாறு அறிவிக்கும் இயந்திரங்களில் சிறிது நினைவகம் வீணாவது உண்மையே. ஆயினும் இரு தட்டுகளையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு தட்டில், கணுவொன்றுக்கு ஒரு பதிவேடு என்ற எல்லைக்குட்பட்ட, முன்கூட்டியே அறியத்தக்க செலவு. மறு தட்டில், எந்நேரத்தில், எவருடைய இயந்திரத்தில், எந்த வேலையின் நடுவில் நேரும் என்று அறியவியலாத முழுவீழ்ச்சி. அளவறிந்த சிறு செலவை ஏற்று அளவறியாப் பெருங்கேட்டைத் தவிர்ப்பதே பொறியியலறம். வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும் என்பதைத் தமிழ் மாணவனுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அம்முதுமொழி கருவின் மூலநிரலில் எவ்வாறு வரிவடிவம் பெறுகின்றது என்பதைக் காட்டவே வேண்டியுள்ளது.

பிழை வெளிப்பட்ட இடமும் சிந்திக்கத்தக்கது. நடுவில் நிற்கும் வழமையான இயந்திரத்தில், எல்லாக் கணுக்களிலும் நினைவகமும் முறைவழியாக்கியும் ஒருங்கே உள்ள இயந்திரத்தில், இப்பிழை தலைகாட்டவில்லை. ஓரத்தில் நின்ற, வழமைக்கு மாறான அமைப்புடைய இயந்திரத்திலேயே அது வெளிப்பட்டது. பதினைந்து ஆண்டுகளாக மையம் காணாத குறையை விளிம்பு கண்டது. முறைமை ஒன்றின் உண்மையை அறிய விரும்புவோன் அதன் விளிம்பில் நின்று வினவவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. விளிம்பில் அமைந்த பல்கலைக்கழகங்கள் இதனைத் தமக்குரிய குறையாக எண்ணி நாணுவதை விடுத்து, தமக்குரிய நிலைக்களமாகக் கொள்ளலாம்.

இனி, கல்வி பற்றிய வினாவுக்கு வருவோர் முதலிற் கூறும் தடை, 'எம்மிடம் அத்தகைய இயந்திரம் இல்லை' என்பது. நினைவகப் பலகையை ஓடும்போதே செருகக்கூடிய சேவையகம் விலை மிக்கது என்பதில் ஐயமில்லை. 5.18 ஆம் பதிப்பு வெளியான 2022 மே மாதத்தில் இந்நாட்டு மக்கள் எரிபொருளுக்கு நீள்வரிசைகளில் நின்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆயின் இத்தடை வெறுந் தோற்றமே. 'கியூ-எமு' என்னும் கட்டற்ற மென்பொருள், சாதாரண மடிக்கணினிக்குள்ளேயே பல கணுக்கள் கொண்ட இயந்திரம் ஒன்றைப் போலியாக ஆக்கித்தரும். இரண்டு கிகாபைற்றுடன் தொடங்கி, எட்டு கிகாபைற்று வரை வளரலாம் என்று கூறி அதனை இயக்கலாம். ஓடிக்கொண்டிருக்கையில், அதன் கட்டுப்பாட்டுத் திரையிலிருந்து இரு கட்டளைகளால் புதிய நினைவகப் பலகையைச் செருகலாம். உள்ளே இயங்கும் லினக்ஸ் அதனைக் கண்டறிவதையும், கோப்பு மரத்தில் புதிய பெயர்கள் தோன்றுவதையும், ஒரு கோப்பில் ஒரு சொல்லை எழுதியவுடன் நினைவகம் இணைப்புநிலைக்கு மாறுவதையும் மாணவன் தன் கண்ணாற் காணலாம். 5.17 ஆம் பதிப்பையும் 5.18 ஆம் பதிப்பையும் அடுத்தடுத்து இயக்கி, முன்னதில் இல்லாத பதிவேடு பின்னதில் எங்கே ஆக்கப்படுகின்றது என்று மூலநிரலிலே தேடலாம். இவை யாவற்றுக்கும் வேண்டுவது ஒரு மடிக்கணினியும் ஒரு பிற்பகலும் பொறுமையுமே.

இரண்டாவது தடை, மூலநிரல் மலைபோற் பெரியது என்பது. லினக்ஸ் கரு இன்று பல மில்லியன் வரிகளைக் கொண்டது. அதனை முழுதும் படித்தவர் எவரும் இரார். ஆயின் மலையேற விரும்புவோன் மலை முழுவதையும் மிதிக்கவேண்டியதில்லை. நினைவகச் சேர்ப்பைக் கூறும் முதன்மைக் கோப்புச் சில ஆயிரம் வரிகளுக்குள் அடங்குவது. அதனைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சட்டகக் குறிப்பு, வலயம், ஒதுக்கி, பூட்டு, அறிவிப்புச் சங்கிலி என்று கருவின் பெரும்பகுதியினூடு அப்பாதை தானே அழைத்துச் செல்லும். ஒருமுறை ஓடிவிட்டு மறையும் தொடக்கப் பணிகளை ஓடும் இயந்திரத்தில் மீளச் செய்யவேண்டியிருப்பதால், தொடக்கத்தில் எது நடைபெறுகின்றது என்பதையும் இக்கோப்பே தெளிவுறுத்தும். இம்முறைக் கல்வி புதியதும் அன்று. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜோன் லயன்ஸ், 1970களின் நடுப்பகுதியில், ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகள் கொண்ட யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருவைத் தம் மாணவர் முன் விரித்துவைத்து, வரிக்கு வரி உரை எழுதிப் படிப்பித்தார். பின்னர் உரிமத் தடையால் அவ்வுரையை வகுப்பறையிற் பயன்படுத்த இயலாது போயிற்று. 1996 இலேயே அது நூலாக வெளிப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது படியின் படியாகக் கைமாறி உலகெங்கும் வாசிக்கப்பட்டது. தடுக்கப்பட்ட நிரலைத் திருட்டுப் படியில் வாசித்துக் கற்றது ஒரு தலைமுறை. தடையின்றித் திறந்து கிடக்கும் நிரலை வாசியாதிருப்பது மற்றொரு தலைமுறையாயின், அதனை எவ்வாறு நியாயப்படுத்துவது?

மூன்றாவது தடை மொழி பற்றியது. இத்தகைய பொருளைத் தமிழில் எடுத்துரைக்க இயலாது என்பது சிலர் துணிபு. உயர்தர வகுப்புவரை தகவல் தொழினுட்பத்தைத் தமிழிலேயே கற்ற மாணவன், பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையைக் கேட்டு, நினைவகம் என்ற சொல்லையே மறக்கத் தலைப்படுகின்றான். ஆங்கிலம் வேண்டா என்பது இங்கு வாதமன்று. மூலநிரலும் அதன் விவாதங்களும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றை வாசிக்க ஆங்கிலம் இன்றியமையாதது. ஆயின் வாசித்ததைத் தன் மொழியில் மற்றொருவனுக்கு விளக்கவியலாதவன், வாசித்ததை விளங்கிக்கொண்டானா என்பதே ஐயத்துக்குரியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்துத் தமிழிலே நூல்களையும் வெளியிட்டார். உடலின் நரம்பையும் நாளத்தையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழிற் பெயர் சொல்லி அழைக்க முடிந்ததெனில், கணுவையும் வலயத்தையும் சட்டகத்தையும் இருபத்தோராம் நூற்றாண்டில் அழைக்கவியலாது என்பது மொழியின் குறையன்று, முயலாமையின் குறை. கணு என்ற சொல் கரும்பிலும் மூங்கிலிலும் காலங்காலமாக இருந்து வந்தது. வலயமும் சட்டகமும் பள்ளிக்கூடத்துச் சொற்கள். புதிதாகப் படைக்கவேண்டியன சிலவே.

நான்காவது தடையே உண்மையில் எல்லாவற்றுக்கும் அடியிலுள்ளது. 'இதனால் வேலை கிடைக்குமா?' என்பது அது. வேலை தேடும் இளைஞனின் இக்கேள்வியை எள்ளி நகையாடுவது தகாது. போரினால் பல ஆண்டுகளை இழந்த ஒரு பிரதேசத்தில், குடும்பத்தின் நம்பிக்கையைச் சுமந்து பல்கலைக்கழகம் வரும் பிள்ளைக்கு வருமானம் பற்றிய கவலை முறையானதே. ஆயின் விடையை நேர்மையாக நோக்க வேண்டும். வாடகைச் சேவையகங்களின்மேல் இயங்கும் மென்பொருள்களையே இன்றைய நிறுவனங்கள் பெரிதும் ஆக்குகின்றன. அச்சேவையகங்களின் நினைவகம் ஓடும்போதே மாறக்கூடியது. அம்மாற்றத்தின் உள்ளியக்கம் அறியாதவன், இயந்திரம் நிலைகுலையும் நாளில் மீளத் தொடக்கும் பொத்தானை அழுத்துவதற்கு மேல் எதனையும் செய்யமாட்டான். அறிந்தவனோ காரணத்தைத் தேடிக் கண்டு, திருத்தத்தை எழுதி, உலகமுழுதும் உள்ளோர் ஆராயும் வண்ணம் முன்வைக்க வல்லவன். லினக்ஸ் கருவுக்கு அனுப்பப்படும் திருத்தம், அதன் தகுதி பற்றியே வினவப்படும். கிளிநொச்சியிலிருந்து வந்ததா கலிபோர்னியாவிலிருந்து வந்ததா என்பது அங்கே பொருளன்று.

ஆகவே செய்யத்தக்கவை சிலவே, செலவும் குறைந்தனவே. பணிசெயல் முறைமைப் பாடத்தில் நிலையான நினைவகம் என்ற எடுகோள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டு, அது எங்கே பொய்க்கின்றது என்பதும் உடன் கற்பிக்கப்பட வேண்டும். போலி இயந்திரத்தில் நினைவகக் கணுவைச் சேர்த்துப் பார்க்கும் செய்முறையொன்று ஒவ்வொரு மாணவனின் கையாலும் நிகழ வேண்டும். 2022 இன் அத்திருத்தத்தை வரிக்கு வரி வாசித்து, அதன் நியாயத்தையும் எதிர்வாதத்தையும் தமிழில் ஒரு கட்டுரையாக எழுதும் பயிற்சி கொடுக்கப்பட வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் கவிதைக்கும் நாடகத்துக்கும் அளிக்கும் மேடையில் இத்தகைய கட்டுரைக்கும் ஓர் இடம் வகுக்க வேண்டும்.

வன்னியிலிருந்து கருவை எழுதவல்லோர் இன்றே வந்துவிடுவர் என்று எவரும் உறுதி கூறவியலாது. வரக்கூடியவர் என்று மட்டுமே கூறலாம். வரக்கூடியவருக்கு வந்த பின் இடம் தேடுவது என்ற கொள்கை என்ன விளைக்கும் என்பதைக் கரு ஏற்கெனவே வீழ்ந்து காட்டிவிட்டது. பதிவேட்டை இன்றே திறந்துவைப்பது பல்கலைக்கழகங்களின் கடன்.